ஆட்டம் சொல்ல ஓர் ஆள்

"மூணே மூணு விஷயம், ராய்ஸ். மூணுக்கும் சரின்னா வேலை உனக்கு."

"சொல்லு."

"ஒண்ணு. அந்தக் கட்டடத்துக்குள்ள நான் ஜீன் இல்ல, கோச். நீ என் தங்கச்சி புருஷன்ங்கிறது வெளி கேட்டோட நின்னுடணும்."

"சரி."

"ரெண்டு. தோத்துட்டு வந்த ஞாயித்துக்கிழமை, எங்கம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில அதப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நான் பேசுவேன். நீ கேட்டுக்கிட்டு இருப்ப."

ராய்ஸ் சிரித்தான். ஜீன் சிரிக்கவில்லை.

"மூணு. எங்கிட்ட எதையும் கேக்கக் கூடாது. பெரிய பதவி, அது இதுன்னு எதுவும். யாருக்கு என்ன குடுக்கணும்னு எனக்குத் தெரியும். நேரம் வந்தா நானே குடுப்பேன். நீ வாயத் திறந்து கேட்ட அன்னிக்கு, தங்கச்சி புருஷனுக்கு இடம் போட்டுக் குடுத்தான்னு ஊர் பேசுறது உண்மையாயிடும்."

"கேக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? கேக்க மாட்டேன்."

ஜீன் நடோல்னியின் வீட்டு வாசலில், இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு அது. டொலிடோ பைலட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக அந்த வாரம்தான் ஜீன் நியமிக்கப்பட்டிருந்தார். கனத்த கையுறைகளோடு இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். கல்லூரி அணிகளில் ஊர் ஊராக அலைந்து ஒன்பது வீடு மாறியிருந்த ராய்ஸ் டில்லரிக்கு, அன்றைக்கு அந்த மூன்றாவது நிபந்தனைதான் மூன்றிலும் சுலபமானதாகத் தோன்றியது.

ஆறு வருடம் ஓடிவிட்டது. முதல் இரண்டு நிபந்தனைகளும் பழகிப்போய்விட்டன. மூன்றாவது மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப் போல, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றது.

ராய்ஸின் வேலை குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பது. அதாவது பந்தை எறிகிற அந்த மூன்று பேரின் காலடி, தோள், கண் எல்லாவற்றையும் செப்பனிடுவது. அவன் ஆசைப்பட்டதோ வேறு. பந்து நம் கையில் இருக்கும்போது ஒவ்வொரு முயற்சிக்கும் யார் எங்கே ஓடுவது, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவுசெய்து ஹெட்செட் வழியே சொல்ல ஒருவர் இருப்பார். அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் என்று அவருக்குப் பெயர். அணிக்குள் அந்த வேலையை 'ஆட்டம் சொல்றது' என்பார்கள். நாற்பத்தொன்பது வயதில் ராய்ஸ் தன் வாழ்நாளில் ஆட்டம் சொன்னது ஒரே ஒரு பாதிதான். 2010 ஆகஸ்ட்டில், கணக்கில் வராத ஒரு பயிற்சி ஆட்டத்தின் இரண்டாம் பாதி. அன்றைய கோஆர்டினேட்டருக்கு வயிறு சரியில்லாமல் போக, ஹெட்செட்டை இவனிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனவர் திரும்பவே இல்லை. முப்பத்தொரு ஆட்டம் சொன்னான். மூன்றாம் வரிசைப் பையன்களை வைத்துக்கொண்டு இருபத்துநான்கு புள்ளி எடுத்தான். அந்த முப்பத்தொன்றையும் இன்றைக்கும் அவனால் வரிசை பிசகாமல் ஒப்பிக்க முடியும். குளிக்கும்போது சில நாள் ஒப்பிப்பான்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் ஜீன் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார். இரண்டு முறையும் ராய்ஸ் மென்று விழுங்கினான்.

இப்போது, 2013 ஜனவரியில், மூன்றாவது முறையாகக் காலி.

அந்த சீசனில் பதினாறு ஆட்டத்தில் பதினொன்று தோல்வி. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, கோஆர்டினேட்டரை ஜீன் நடைபாதையிலேயே நிறுத்தி வேலையை விட்டு அனுப்பினார். அந்த ஆள் கையிலிருந்த காபியைச் சுவரில் வீசிவிட்டுப் போனார். கறை இன்னும் இருக்கிறது. துடைக்க வந்தவரை, "இருக்கட்டும், பாக்கறவனுக்கு புத்தி வரட்டும்" என்று ஜீன் தடுத்துவிட்டாராம். அன்று மதியமே அணியின் முதலாளியம்மா ஜீனைக் கூப்பிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் தனக்கு ஒரு பெயர் வந்தாக வேண்டும் என்றும், அந்தப் பெயரும் சொதப்பினால் அடுத்த ஜனவரியில் தேடப்படுவது தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஊரும் கறுவிக்கொண்டிருந்தது. பால் வாங்கக் கடைக்குப் போன ராய்ஸை, பைலட்ஸ் குல்லாய் போட்டிருந்த ஒரு பெரியவர் வரிசையில் வழிமறித்தார்.

"நீ அந்த நடோல்னிகிட்ட வேலை பாக்கறவன்தான? மூணாவது முயற்சி, எட்டு கஜம் வேணும், மூணு கஜத்துக்கு எறியுறீங்களே, எந்த ஸ்கூல்லய்யா கணக்குப் படிச்சீங்க?"

"அது நான் சொல்றதில்லங்க."

"அப்ப நீ எதுக்கு அங்க நிக்கற? குளிருக்கா?"

வீட்டுக்கு வந்து மனைவி பாலெட்டிடம் இதைச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கையிலிருந்த துணியை மேசைமேல் எறிந்தாள்.

"அந்தக் கிழவன் கேட்டதுல என்ன தப்பு? நீ எதுக்கு அங்க நிக்கற? போய்க் கேளு ராய்ஸ். இந்தத் தடவையாவது அவன்கிட்டப் போய்க் கேளு."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"பனி அள்ளும்போது குடுத்த வாக்கு. பனியே கரைஞ்சு ஆறு வருஷமாச்சு."

"கேட்டு, அவன் மாட்டேன்னு சொல்லிட்டா? அப்புறம் உங்கம்மா வீட்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் எதிர்ல உக்காந்து சாப்பிடறது?"

"இப்ப மட்டும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சாப்பிடற?"

ராய்ஸ் வாங்கி வந்த பாலை எடுத்து உள்ளே வைத்தான். ஒரு வருடமாகவே அவள் இப்படித்தான் விரட்டிக்கொண்டிருந்தாள். தன்மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை என்றுதான் அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அதில் அவனுக்கு ஒரு ரகசியப் பெருமைகூட உண்டு.

ஆள் தேடும் படலம் தொடங்கியது. தேர்வு அறையில் ஜீன், அணியின் பொது மேலாளர் ஷிம்மல், குறிப்பெடுக்க ராய்ஸ். "உனக்குக் கையெழுத்து நல்லாருக்கு," என்று ஜீன் சொன்ன காரணத்தை ராய்ஸ் ஒரு தலையசைப்போடு ஏற்றுக்கொண்டான். தனக்கு வேண்டிய நாற்காலிக்கு அடுத்தவர்களின் தகுதியைத் தன் கையாலேயே எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தத் தொழிலில் நேர்காணல் என்றால் பாதி வேவு. வேலை கொடுக்கும் எண்ணமே இல்லாமல் எதிரணியின் ஆளைக் கூப்பிடுவார்கள். வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தி, உங்கள் ஆட்டத்தை வரைந்து காட்டுங்கள் என்பார்கள். வேலை தேடி வந்தவன் திறமையைக் காட்டும் ஆர்வத்தில் பழைய முதலாளியின் ரகசியத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் போவான். ஜீன் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த வாரம் வந்தவர்களையெல்லாம் பிழிந்து சக்கையாக அனுப்பினார்.

முதலில் வந்தவர் அறுபத்தாறு வயது லைல் பொட்டர்ஃப்.

"லைல், உன் ஆட்டம் முழுக்க ஓட்டம்தான். கடைசியா எப்ப பந்த எறியச் சொன்ன?"

"ரெண்டு வருஷம் இருக்கும், கோச்."

"பிடிச்சானா?"

"பிடிச்சான். எதிராளி."

அடுத்து வந்தவன் நானூறு பக்கப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். ஜீன் அதைத் திறக்காமலே கையில் தூக்கி எடை பார்த்தார். "இத என் பசங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க பேரன் விளையாட வந்துருவான். அடுத்தது யாரு?"

அடுத்தது ட்ராவிஸ் கீன். வியாழக்கிழமை காலை பத்து மணி. முப்பத்துநான்கு வயது. கோட்டு சூட்டுக்குக் கீழே ஓட்டக்காரன் காலணி. வாயில் சூயிங் கம். இரண்டு வருடம் ஓமஹா அணிக்கு ஆட்டம் சொன்னவன். போன வாரம் ஓமஹாவில் தலைமைப் பயிற்சியாளரிலிருந்து கடைசி உதவியாளர்வரை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இழக்க ஒன்றுமில்லாதவன் என்பது அவன் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

"நவம்பர்ல எங்கள அடிச்சியே," என்றார் ஜீன். "கடைசி நிமிஷம். மூணாவது முயற்சி, ரெண்டு கஜம் வேணும். அத வரஞ்சு காட்டு."

"எதுக்கு கோச்? எனக்கு வேலை குடுக்கவா, இல்ல ஓமஹா சரக்க உருவவா?"

"ரெண்டும் நடக்கலாம்."

"மொதல்ல சொன்னது நடக்காது. நான் உள்ள வந்ததுலருந்து உங்க பொது மேலாளர் ரெண்டு தடவ கடிகாரத்தப் பாத்துட்டாரு."

ஷிம்மல் சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

"வந்தது வந்துட்ட," என்றார் ஜீன். "விமானச் செலவு எங்களோடது. வரஞ்சுட்டுப் போ."

ட்ராவிஸ் எழுந்து பேனாவை எடுத்தான். பதினோரு வட்டம், பதினோரு பெருக்கல் குறி. வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு பருத்த ஆள், தடுக்கப் போகிறவன் போல இரண்டடி வைத்து, தள்ளப்பட்டவன் போலக் குப்புற விழுகிறான். காவலுக்கு வருகிறவர்கள் விழுந்தவனை மறந்து அவனைத் தாண்டி ஓடுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு அவன் எழுகிறான். சுற்றிலும் ஓர் ஈ காக்கை இல்லை. பந்து அவனுக்கு.

ராய்ஸின் பேனா தாளில் ஒரே இடத்தில் ஊன்றி நின்று மை ஊறிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லித் தன் அணியில் ஒரு பருத்த பையனுக்குப் பயிற்சி கொடுத்தவன் அவன்தான். அன்று அவன் சொன்ன முப்பத்தொன்றில் இருபதாவது ஆட்டம்.

"பலே திருட்டுத்தனம்," என்றார் ஜீன், மனசாரவே. "நவம்பர்ல எனக்கு ஒரு வாரம் தூக்கம் போச்சு. யாரு மூளை இது? உன்னோடதா?"

"உங்களோடது, கோச்."

"என்ன உளர்ற?"

"டொலிடோவோடது. 2010 ஆகஸ்ட். கணக்குல வராத ஆட்டம், ரெண்டாவது பாதி. அந்த வீடியோவ நாங்க ஓமஹாவுல முப்பது தடவ போட்டுப் பாத்தோம். இத யாரு சொன்னான்னு விசாரிச்சோம்." ட்ராவிஸ் பேனாவை மூடிவிட்டு ராய்ஸ் பக்கம் திரும்பினான். "நீங்கதான டில்லரி? உங்களப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. நான் உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"எதுக்கு?" என்றான் ராய்ஸ்.

"ஓமஹா வேலைக்கு. மொதல்ல உங்களத்தான கேட்டாங்க. நீங்க கிடைக்கலன்னதும்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

ராய்ஸ் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தான்.

"என்னை யாரும் கேக்கல," என்றான் ராய்ஸ்.

"கேட்டாங்க. 2011 ஜனவரி. உங்க அணி அனுமதி குடுக்கல. அதுக்கு அடுத்த வருஷம் ஸான் அன்டோனியோவும் கேட்டாங்களே, அதுக்கும்…" ட்ராவிஸ் பாதியில் நிறுத்தினான். முதலில் ராய்ஸின் முகத்தையும் பிறகு ஜீனின் முகத்தையும் பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுபோனது. "அடக் கடவுளே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஒப்பந்தத்தில் இருக்கும் உதவிப் பயிற்சியாளரிடம் வேறோர் அணி பேச வேண்டுமென்றால், முதலில் அவனுடைய அணிக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும். மாட்டோம் என்று பதில் எழுதிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. கடிதம் வந்ததைச் சம்பந்தப்பட்டவனிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ராய்ஸுக்கு இந்த விதி பாடம். தன் பெயர் எழுதிய கடிதம் எதுவும் வந்ததே இல்லை என்றுதான் அவன் இத்தனை நாள் நம்பியிருந்தான். யாரும் கேட்காத ஆள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, அந்த அளவுக்குத் தன் ஆசையையும் சுருக்கி வைத்திருந்தான்.

"நேர்காணல் முடிஞ்சுது," என்றார் ஜீன்.

எதிராளியின் சரக்கை உருவுவதற்காக அழைத்த ஆளின் வாயிலிருந்து தன் சொந்தச் சரக்கு வெளியே வந்து விழும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ராய்ஸ் அவரை நடைபாதையில் பிடித்தான். காபிக் கறைக்குப் பக்கத்தில்.

"கோச். அவன் சொன்னது உண்மையா?"

"உண்மை."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும். கையெழுத்து என்னோடது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"சொல்லணும்னு விதி இல்ல."

"நான் விதியக் கேக்கல."

கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஜீன் அந்தப் பக்கம் முறைத்த முறைப்பில் கதவு மூடிக்கொண்டது.

"உள்ள கத்தாத," என்றார். "மொதல் தடவ ஏன்னு தெரியணும்னா வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டியக் கேளு. ரெண்டாவது தடவ ஏன்னு கேக்கறதுக்கு மட்டும் எங்கிட்ட வா."

பாலெட் ஒரு பள்ளிக்கூடத்தில் செவிலியாக இருக்கிறாள். நாலு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறை நடுவே ராய்ஸ் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டானா?"

"அவன் சொல்லல. ஓமஹாவுலருந்து வந்த ஒரு பையன் சொன்னான். ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல."

பாலெட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. நடோல்னி வீட்டுப் பெண்களுக்குச் சட்டென்று அழுகை வராது. கோபம்தான் வரும், அதுவும் தங்கள்மேலேயே.

"கோரா பதினொண்ணாவது படிச்சுக்கிட்டிருந்தா," என்றாள். "ஒன்பது வீடு, ராய்ஸ். ஏழு ஸ்கூல். ஒவ்வொரு ஊர்லயும் நம்ம பொண்ணு ஒரு சிநேகிதியப் பிடிப்பா, அடுத்த வருஷம் நாம பெட்டி கட்டுவோம். இங்க வந்தப்புறம்தான் அவ சிரிக்கவே ஆரம்பிச்சா. அப்ப ஜீன் ஃபோன் பண்ணி, ஓமஹா உன் புருஷனக் கேக்கறாங்க, விடட்டுமான்னான்."

"உன்னக் கேட்டான். என்னக் கேக்கல."

"ஒரு வருஷம் பொறுன்னு நான்தான் சொன்னேன். ஒரே ஒரு வருஷம், அவ ஸ்கூல் முடிக்கட்டும்னு. சத்தியமா ஒரு வருஷம்தான் சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல? கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லிருப்பேனே. கோராவுக்காக நான் போகாம இருந்திருக்க மாட்டேனா?"

"இருந்திருப்ப. அதுக்கப்புறம் தினமும் அந்த ஓமஹாவ நெஞ்சுல வச்சுக்கிட்டு என்னப் பாத்திருப்ப. அத என்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "இது அதவிட மோசம். எனக்குத் தெரியும்."

"ரெண்டாவது தடவ?"

"அது எனக்குத் தெரியாது. அவனா பண்ணது. அதுக்கு அப்புறம் வாய் தவறி எங்கிட்ட ஒளறினான். நான் அவன் வீட்டுக்கே போய்க் கத்திட்டு வந்தேன். அன்னிலருந்துதான் உன்ன விரட்டறேன், போய்க் கேளு, போய்க் கேளுன்னு."

நம்பிக்கை என்று ஒரு வருடமாக அவன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது குற்றவுணர்வு என்று ஒரு நொடியில் தெரிந்துபோனது. அதுதான் அவனை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

"அப்ப நான் நல்லா ஆட்டம் சொல்வேன்னு நீ நெனச்சு அப்படிச் சொல்லல."

பாலெட் தலை நிமிர்ந்தாள். கண்ணில் பழைய வெறி திரும்பியிருந்தது.

"முட்டாளே. உனக்கு ஆட்டம் சொல்லத் தெரியாதுன்னா உன்னத் தடுக்கணும்னு எனக்கு ஏன் தோணப் போகுது? சொதப்பிட்டு ஒரே வருஷத்துல திரும்பி வந்திருப்பியே. நீ போனா நிலைச்சிருவன்னு தெரிஞ்சுதான் பயந்தேன். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரியாதது உனக்கு மட்டும்தான்."

அன்று மாலை அவள் சூப்பைச் சூடுபண்ணி அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்தக் கிண்ணத்தையே எடுத்து, எதிரில் உட்கார்ந்து தானே குடித்தாள். கோட்டைக் கழற்றும்படி மட்டும் ஒருமுறை சொன்னாள். அவன் கழற்றினான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராய்ஸ் ஜீனின் அறைக்குள் நுழைந்தபோது அவர் சவரம்கூடச் செய்திருக்கவில்லை. மேசைமேல் மூன்று பெயர் எழுதிய ஒரு தாள். மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன. லைல் பொட்டர்ஃபின் பெயரை இரண்டு முறை அடித்திருந்தார்.

"கதவச் சாத்து," என்றார். "கேட்டியா அவள?"

"கேட்டேன். ரெண்டாவது தடவைக்கு வந்திருக்கேன், கோச்."

ஜீன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே பயிற்சி மைதானம் வெள்ளைவெளேரென்று மூடிக் கிடந்தது.

"ஆட்டத்தன்னிக்கு எல்லாக் கோச்சும் கையில இருக்கற அட்டையால வாய மூடிக்கிட்டுத்தான் பேசுவான். எதிராளி உதட்டப் படிச்சிடக் கூடாதுன்னு. நீ மட்டும் மூட மாட்ட. உன் மைக் அணைஞ்சிருக்கும், நீ பாட்டுக்கு முணுமுணுத்துக்கிட்டிருப்ப. கோஆர்டினேட்டர் ஒண்ணு சொல்வான், உன் உதடு வேற ஒண்ணு சொல்லும். நான் படிப்பேன்."

ராய்ஸின் கை தானாக வாயருகே போனது.

"போன வருஷம் நாலு தடவ அவன் சொன்னத மாத்தி, உன் உதடு சொன்னதச் சொல்ல வச்சேன். நாலும் பலிச்சது. அஞ்சு ஆட்டம் ஜெயிச்சோமே, அதுல மூணு உன் உதட்டுல ஜெயிச்சது. உன்ன ஸான் அன்டோனியோவுக்கு விட்டுட்டு நான் யார் வாயப் பாத்துக்கிட்டு நிக்கறது?"

"இது தெரிஞ்சும் அந்த நாற்காலிய எனக்குக் குடுக்கல."

"குடுத்துட்டு? தோத்த அன்னிக்கு உன்னையும் அந்தச் சுவத்துக்கிட்ட நிறுத்தி அனுப்பணுமே. வர்றவன எல்லாம் நான் ஒரே வருஷத்துல அனுப்பிடறேன். நீயே பாத்த. உன்ன அனுப்பிட்டு எங்கம்மா வீட்டுக்கு எப்படிப் போவேன்? தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அதனால என்னப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி, சாவிய உன் பாக்கெட்ல வச்சுக்கிட்ட."

கட்டடத்துக்குள் அவரை அவன் 'நீ' என்றது அதுதான் முதல் முறை. ஜீன் விறுவிறுவென்று மேசைக்குத் திரும்பி, இழுப்பறையிலிருந்து அணியின் முத்திரை போட்ட ஒரு தாளை எடுத்து, கிழிந்துவிடுவது போல அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தா. விடுதலைக் கடிதம். இன்னியோட ஒப்பந்தம் முடிஞ்சுது. எங்க வேணா போ, யார்கிட்ட வேணா பேசு. இதுக்குத்தான வந்த? பாலெட்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

தாள் மேசைமேல் வழுக்கிக்கொண்டு வந்து விளிம்பில் நின்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் அதை அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான். இப்போது அதைப் பார்த்தபோது எந்த ஊரும் மனதில் வரவில்லை. அவன் வளர்த்த மூன்று குவார்ட்டர்பேக்குகளும், விழுந்து எழ மூன்று எண்ணக் கற்ற அந்தப் பருத்த பையனும் வந்தார்கள். இங்கேதான். இவர்களை வைத்துத்தான். அவன் அந்தத் தாளை ஒற்றை விரலால் திரும்பத் தள்ளினான்.

"வேணாம்."

"பின்ன என்ன எழவுதான் வேணும்? மன்னிப்பா? அது எனக்கு வராது. உதவித் தலைமைப் பயிற்சியாளர்னு கதவுல பேர் எழுதி மாட்டட்டுமா? வாயத் திறந்து சொல்லேன்டா, ஆறு வருஷமா வாய மூடிக்கிட்டு…" ஜீன் நிறுத்திக்கொண்டார். மூச்சு வாங்கியது. "சிலை மாதிரி நிக்கற. பன்னெண்டு மணிக்கு அந்தம்மாவுக்கு நான் பேர் சொல்லணும்."

வாயைத் திறக்கக் கூடாது என்று வாக்கு வாங்கியவரே வாயைத் திறக்கச் சொல்கிறார். ராய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் இருந்தது, குறையவில்லை. இந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று பதில் வந்தால் வரப்போகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்குத் தெரிந்தது. அதையும் சேர்த்துத்தான் அவன் நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"ஜீன்," என்றான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அஃபென்ஸ எங்கிட்ட குடு. அடுத்த சீசன் மொத ஆட்டத்துலருந்து நான் ஆட்டம் சொல்றேன்."